கௌபிக் குடி மாப்பிள்ளை

பெப்ரவரி 3, 2025

மீன்காரன் இன்றைக்கும் பாரையின் செவுளை விரித்துக் காட்டினான். செவுள் சிவப்பென்றால் மீன் நல்லது என்று ஊருக்கே தெரிந்த பிறகு செவுளை எப்படி நம்புவது? வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். அவன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

தைக்க வேண்டிய அபாயாக்கள் குவிந்து கிடக்கின்றன. மனம் தையலில் இல்லை. மகள் இன்ஷிராவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. மருதமுனைப் பையன், பெயர் பர்ஸான். மின்சார வேலை படித்தவன். இருப்பது கட்டாரிலோ துபாயிலோ இல்லை. ஆபிரிக்காவில். உகண்டா நாட்டின் தலைநகரம் கம்பாலா. அங்கே ஒரு கட்டடக் கம்பனியில் மேற்பார்வையாளராம்.

"கட்டாரெண்டா ஆர்ட்டயும் விசாரிக்கலாம். கம்பாலாவில நமக்கு ஆரு இரிக்கா?" என்று கேட்டேன்.

"அல்லாஹ் இரிக்கான்" என்றார் றஊப். சாகாமத்து வயலில் அறுவடை நடக்கிற காலத்தில் என் கணவருக்கு எல்லாமே லேசாகத் தெரியும்.

என் தங்கச்சி சரீபாவின் மாப்பிள்ளையும் இப்படித்தான் வெளிநாட்டில் மனேஜர் என்று வந்தான். உம்மா எழுதிக் கொடுத்த வீட்டில் ராசா மாதிரி இருந்தான். பிறகுதான் தெரிந்தது, வேறோர் ஊரில் இன்னொரு வீடும் அதற்குள் ஒரு பெண்சாதியும் இருப்பது. சரீபாவின் வீடு கையை விட்டுப் போனது. இப்போது எங்கள் வளவின் பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். சூடு கண்ட பூனை நான் இல்லை. ஆனால் அந்தப் பூனையின் ராத்தா.

பெப்ரவரி 5

எந்தக் குடி, எந்தத் தாய்வழி என்று விசாரித்தாயிற்று. பர்ஸானின் உம்மா லெப்பைக் குடி. நாங்கள் ராசாம்பிள்ளைக் குடி. தடையில்லை.

போன வருஷம் அக்கரைப்பற்று டொக்டர் பையனை இதற்காகத்தான் விட்டோம். அவனுடைய உம்மாவும் எங்கள் குடி. தாயின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடி என்றால் ஆணும் பெண்ணும் கூடப் பிறந்த மாதிரி. றஊப் கூட, "இந்தக் காலத்துல ஆருகா இதெல்லாம் பாக்கிற" என்று இழுத்தார். நான் பார்ப்பேன். டொக்டர் என்றாலும் சகோதரன் சகோதரன்தான்.

இந்தத் தடவை ஒரு தடையும் இல்லை என்பதே ஒரு மாதிரியாக இருக்கிறது.

பெப்ரவரி 9

பர்ஸானின் உம்மா சல்மா உம்மா வந்து போனா. நிமிர்ந்த ஆள். அதிகம் கதைக்கவில்லை. இன்ஷிராவைப் பக்கத்தில் இருத்தி, அவள் நடத்துகிற கணினி வகுப்பைப் பற்றிக் கேட்டா. வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதலில் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இவ பார்க்கவில்லை.

எழும்பும்போது சொன்னா: "மகன் ஒரு விசயம் சொல்லச் சொன்னான். வீடு எழுதத் தேவல்லயாம். ஒங்கட வீடு ஒங்கட பேரிலயே இரிக்கட்டுமாம்."

றஊப்பின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணி சிந்தியது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். இது மாடா? மருமகன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மாப்பிள்ளை வந்து அதில் இருப்பான். காலம் காலமாக அப்படித்தான். வேண்டாம் என்று சொன்ன ஒருவனை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

பெப்ரவரி 10

வீடு வேண்டாம் என்று யார் சொல்வான்? ஏற்கெனவே ஒரு வீடு உள்ளவன்.

பெப்ரவரி 14

இன்றைக்குப் போனில் முகம் பார்த்துக் கதைத்தோம். இன்ஷிரா போனை என் பக்கம் திருப்பினாள். பையன் சலாம் சொன்னான். நல்ல குரல். நல்ல குரல் உள்ளவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும்.

"நீங்க இரிக்கிற ஊரப் பத்திச் சொல்லுங்க மகன்" என்றேன். அங்கே இல்லாதவன் என்றால் இந்த இடத்தில் தடுமாறுவான்.

"ராசாக்கள்ற ஊரு மாமி" என்று தொடங்கினான். குன்றுகளின் மேல் கட்டிய ஊராம். புகாண்டா என்ற பழைய ராச்சியத்தின் ராசா இப்போதும் இருக்கிறாராம். கசுபி என்ற குன்றில் நான்கு ராசாக்களை அடக்கிய கபுறு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறதாம். அந்தக் கூரை முழுவதும் புல்லாம்.

"ராசாட கபுறு புல்லுக் குடிசையிலயா?"

"குடிசையில்ல மாமி, நம்மட நெல்லுக் களஞ்சியம் நாலஞ்ச ஒண்டாச் சேர்த்த மாதிரி. உள்ளுக்க கூரையில அம்பத்திரெண்டு வளையம் இரிக்கி. ஒரு குடிக்கு ஒண்டு. அங்கயும் நம்மளப் போல குடி பாக்கிறாங்க."

ராசா மௌத்தாகிவிட்டார் என்று அங்கே சொல்லக் கூடாதாம். மறைந்து போனார் என்றுதான் சொல்ல வேண்டுமாம். மரப்பட்டையை அடித்து நெய்யாமலே துணி செய்கிறார்களாம். அந்தத் துணித் திரைக்குப் பின்னால் ஒரு காடு, ராசாக்கள் அதற்குள் இருக்கிறார்களாம். அரச வீட்டுப் பெண்கள் முறைவைத்து அந்த இடத்தைக் காக்கிறார்களாம்.

புல்லுக் கூரை, மௌத்தாகாத ராசா, திரைக்குப் பின்னால் காடு. என்னைப் பாலர் வகுப்புப் பிள்ளை என்று நினைத்துவிட்டான். சரீபாவின் புருஷனும் மௌத்தாகவில்லை. மறைந்துதான் போனான்.

பெப்ரவரி 15

இன்ஷிராவின் கணினியில் தேடிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. அந்தப் புல்லுக் கூரை 2010இல் எரிந்து, பிறகு திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

எரிந்ததை அவன் ஏன் சொல்லவில்லை?

பெப்ரவரி 23

இரண்டாவது விசாரணை. இன்ஷிரா இதை அப்படித்தான் சொல்கிறாள். "இண்டைக்கும் விசாரணையா உம்மா?"

ராசாவின் மாளிகையிலிருந்து அவர்களுடைய சபைக் கட்டடம் வரைக்கும் ஒரு நேரான வீதியாம். நடுவில் ஒரு சுற்றுவட்டம். சனங்களெல்லாம் அதைச் சுற்றிப் போக வேண்டும். ஆனால் வட்டத்தின் நடுவே ஒரு படலை இருக்கிறதாம். ராசா வரும்போது மட்டும் அதைத் திறப்பார்களாம். அவர் ஒருவர்தான் நேராகப் போவார்.

பிறகு ஒரு குளம். பழைய ராசா ஒருவர் ஆட்களை வைத்துக் கையாலேயே வெட்டுவித்ததாம். இதைக் கேட்டதும் றஊப் எழும்பி வந்து போனுக்குள் தலையைக் கொடுத்தார்.

"குளம் வெட்டின ராசாவெண்டா நல்ல மனிசன்தான். எத்தின ஏக்கருக்குப் பாய்ச்சல்?"

"பாய்ச்சலுக்கில்ல மாமா. எதிரி வந்தா தோணியில தப்பி ஓடுறதுக்கு. பெரிய வாவி வரைக்கும் வெட்ட நினைச்சாராம். முடியல்ல. பாதியில நிண்டிட்டு."

றஊப்புக்குப் பெரிய ஏமாற்றம். பயத்தில் வெட்டின குளத்தில் ஒரு பிடி நெல்லும் விளையாது என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படலையும் உண்மை. குளமும் உண்மை. பார்த்துவிட்டேன். ஒரு பொய் கூடச் சொல்லாத மனிசனை நான் எங்கே காண்பேன்? எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறவன் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விடுகிறான்.

மார்ச் 9

நோன்பு. வாய் உலர்ந்தாலும் சந்தேகம் உலரவில்லை.

அவன் தொழப் போகிற பெரிய பள்ளியைப் பற்றி அனுப்பியிருந்தான். பழைய கம்பாலாக் குன்றின் உச்சியில் வெள்ளைக்காரனின் கோட்டை இருந்ததாம். பள்ளி கட்டுவதற்காகக் கோட்டையைக் கொஞ்சம் கீழே வேறோர் இடத்தில் திரும்பக் கட்டினார்களாம். மினாராவில் ஏறினால் குன்றுகள் எல்லாம் தெரியுமாம்.

அந்த நாளில் நோன்பு பிடித்த ராசா ஒருவரும் இருந்தாராம். பள்ளி கட்டினார், பிறை பார்த்தார், ஆனால் சுன்னத்து மட்டும் செய்யவில்லை. சுன்னத்து இல்லாத ராசாவின் பின்னால் தொழ மாட்டோம் என்ற இளைஞர்களைக் கொல்ல வைத்தாராம். பாவம் அந்தப் பிள்ளைகள். எல்லாம் செய்துவிட்டு ஒன்றை மட்டும் மறைத்து வைத்துக்கொள்கிற ஆட்களிடம்தான் மாட்டிக்கொள்வோம்.

இன்ஷிரா இப்போது நான் இல்லாத நேரத்திலும் அவனோடு கதைக்கிறாள். அவள் சிரிக்கிற சத்தம் தையல் மெஷினைத் தாண்டி வருகிறது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம். அதுதான் எனக்குப் பயம். இவனும் ஒரு நாள் மறைந்து போனான் என்றால் சரீபாவைப் போல இவளும் ஓர் அறைக்குள் இருந்துவிடுவாள்.

ஏப்ரல் 1

பெருநாள் படம் அனுப்பியிருக்கிறான்.

யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தை. பர்ஸான் நாற்காலியில் இருக்கிறான். நீண்ட வெள்ளை உடுப்பு, நெஞ்சில் கருஞ்சிவப்பு நூல்வேலை, மேலே கோட்டு. அவனுக்கு முன்னால் ஒரு இளம் பெண் முட்டுக்காலில் இருந்து அவனுக்கு ஒரு கோப்பையை நீட்டுகிறாள்.

முட்டுக்காலில்.

இன்ஷிரா, "வடிவா இரிக்கில்ல உம்மா?" என்றாள். அவள் பார்த்தது அவனை மட்டும்.

ஏப்ரல் 3

கல்முனையில் குணத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன். எங்கள் குடும்பத்துப் படங்கள் எல்லாம் குணம்தான் எடுத்தது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன்.

"என்ன தேடுறீங்க அக்கா?"

"தையல் பாக்கிறன்."

பொய் இல்லை, தையலும்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் உடுப்புக்குத் தோளில் கூராக நிமிர்ந்த கை, இடுப்பில் அகலமான பட்டி. பட்டு மாதிரித் துணி. அவனுடைய நூல்வேலையும் மெஷினில் அல்ல, நிதானமாகப் போட்டது. வேலைக்குப் போகிறவன் நாளாந்தம் உடுக்கிற உடுப்பு இல்லை. மாப்பிள்ளை உடுப்பு.

"கலியாண வீட்டுப் படம் போல இரிக்கு" என்றார் குணம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

ஏப்ரல் 5

காலையில் கௌபிப் பயறு அவித்திருந்தேன். இன்ஷிரா அந்தக் கோப்பையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். தேங்காய்ப்பூவும் கட்டசம்பலும் தெரிகிற மாதிரி. இதில் என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பதில் குரலாக வந்தது. போனை மேசையில் வைத்து ஓட விட்டாள்.

"சின்னல இருந்து எனக்கு உசிரு கௌபி. இப்ப தின்னுறல்ல. இஞ்ச எங்கட கம்பனி நடத்துற ஹாஜியார் எனக்கு அவர்ட குடியத் தந்திட்டாரு. பேரும் வச்சாரு. கௌபிக் குடி. இஞ்ச குடிக்குக் குடி ஒரு சாமானத் தின்னக் கூடா. அவங்களுக்குக் கௌபி. அதால நானும் விட்டுட்டன்."

இன்ஷிரா விழுந்து விழுந்து சிரித்தாள். கௌபிக் குடியாம், கௌபிக் குடியாம் என்று.

நான் அந்தப் பெருநாள் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 6

நிதானமாக எழுதுகிறேன். பிறகு யாரும் நான் அவசரப்பட்டேன் என்று சொல்லக் கூடாது.

ஒரு மனிசன் இன்னொரு குடிக்குள்ளே எப்படிப் போவான்? பிறந்து போகலாம். அவன் மருதமுனையில் பிறந்தவன். இல்லையென்றால் மாப்பிள்ளையாகப் போகலாம். மூன்றாவது வழி எனக்குத் தெரியாது.

ஹாஜியாருக்கு ஒரு மகள் இருப்பாள். முட்டுக்காலில் இருந்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். ஹாஜியார் தன்னுடைய குடியைப் பர்ஸானுக்குக் கொடுக்கிறார். மகளுக்கோ அவளுடைய உம்மாவின் குடி. வேறு குடி. அப்படியென்றால் இரண்டு பேருக்கும் நிக்காஹ் முடிக்கத் தடையே இல்லை. ஹாஜியார் மருமகனைத்தான் எடுத்திருக்கிறார்!

மாப்பிள்ளை உடுப்பு. முட்டுக்கால். வீடு வேண்டாம். அங்கே ஒரு வீடு இருக்கும்போது இங்கே எதற்கு? ஐயோ, எல்லாம் பொருந்துதே. ஒண்டும் மிச்சமில்லாமப் பொருந்துதே!

றஊப்பிடம் சொன்னேன். "அவன்ட்டயே நேரா கேட்டாப் போச்சு" என்றார். கேட்டால் சொல்வானா? சரீபாவின் புருஷன் சொன்னானா?

ஏப்ரல் 8

சரீபாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் மருதமுனைக்குப் போனேன். இன்ஷிராவுக்கும் றஊப்புக்கும் சொல்லவில்லை.

சல்மா உம்மா முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தா. வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் நான் தொடங்கிவிட்டேன். குரல் உயர்ந்ததும் எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் தெரிந்ததும் தெரியும்.

"ஒங்கட மகனுக்கு அங்க பொஞ்சாதி இரிக்கி. எங்கட புள்ளையக் கேக்க ஒங்களுக்கு எப்புடிகா மனம் வந்த?"

"ஆரு சொன்ன?"

"ஒங்கட மகன்தான்! குடி குடுத்திரிக்காங்களாம். கௌபி தின்னுறல்லயாம்."

சல்மா உம்மா கையிலிருந்த மிளகாயைச் சுளகில் போட்டா. கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கும் அது வெளங்கல்ல. வெளங்காட்டி அவன்ட்டக் கேப்பன். ஒழுங்கை தெருவெல்லாம் கேக்கக் கத்த மாட்டன்" என்றா. பிறகு, "நீங்க போயிட்டு வாங்க. இந்தச் சம்பந்தம் இதோட நிக்கட்டும்" என்றா.

திரும்பி வந்து படலையில் இறங்கும்போது சரீபா சொன்னாள்: "ராத்தா, என்ட புருசன் என்னத்தக் கேட்டாலும் ஒண்டும் சொல்லாத ஆளு. இந்தப் புள்ள எல்லாத்தையும் தானாச் சொல்லுதே."

ஏப்ரல் 10

இன்ஷிராவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் என் முன்னால் வந்து, போனை மேசையில் வைத்து, குரலை ஓட விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஒரு சொல்லும் விடாமல் ஞாபகம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

"மாமி, நான் மலேரியாக் காய்ச்சல்ல கிடக்கக்க ஹாஜியார் என்ன அவர்ட வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாத்தாரு. மறுகாதான் மகன் எண்டு குடியத் தந்தாரு. இஞ்ச அப்படிக் குடுக்கிற வழக்கம் இரிக்கி. இஞ்ச குடி தாயோட வாறல்ல மாமி, வாப்பாவோட வாற. ஹாஜியார்ர மகளும் கௌபிக் குடி, நானும் கௌபிக் குடி. ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல. நம்மட ஊருச் சட்டம்தான். அந்தப் புள்ள எனக்குத் தங்கச்சி. முட்டுக்கால் போட்டுக் குடுக்கிற இஞ்சத்தப் பொம்புளைகள்ற மரியாத. அது பெருநாள் உடுப்பு."

பிறகு:

"இஞ்ச தாய்ட குடிய எடுக்கிற ராசா மட்டும்தான் மாமி. மத்த ஆக்களெல்லாம் வாப்பாட குடி. அப்படிப் பாத்தா நம்மட ஊருல எல்லாரும் ராசாதான் எண்டு ஹாஜியார்ட்டச் சொல்லிச் சிரிச்சிரிக்கன். நீங்க நேரா கேட்டிருந்தா நானும் நேரா சொல்லியிருப்பன். வீடு வேணாமெண்டது சரீபா மாமிட கதைய எங்கட உம்மா கேள்விப்பட்டுச் சொன்னதால. ஒங்களுக்குப் பயமில்லாம இரிக்கட்டும் எண்டுதான். மன்னிச்சுக்கங்க."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

ஏப்ரல் 11

டொக்டர் பையனை எந்தச் சட்டத்தால் தள்ளினேனோ அதே சட்டம். உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சட்டம். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 19

றஊப் வயலிலேயே இருக்கிறார். விதைப்புக்கு நாள் கிடக்கும்போது அங்கே என்ன வேலை என்று கேட்க எனக்கு வாயில்லை.

இன்றைக்கு இன்ஷிரா குசினிக்குள் வந்து நின்றாள்.

"நான் பர்ஸானத்தான் முடிப்பன் உம்மா. அவரும் ஓமெண்டுதான் சொல்ற. சல்மா உம்மா என்ன சொல்லுவாவோ தெரியா. ஆனா ஒண்டு. நான் இந்த வீட்டுல இரிக்க மாட்டன். அவரோட கம்பாலாவுக்குப் போறன்."

"மாப்பிளதான் பொண்ணுட வீட்டுக்கு வாற. பொண்ணு போற பழக்கம் நமக்கிட்ட இல்ல புள்ள."

"அவர் இஞ்ச வந்தா நீங்க ஒவ்வொரு நாளும் வயித்த அமுக்கி அமுக்கிப் பாப்பீங்க."

மீன்காரன் இன்றைக்கு வராதது நல்லது. வந்திருந்தால் அவன் முன்னாலேயே அழுதிருப்பேன்.

மே 2

றஊப்போடு மருதமுனைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சுற்றிவளைக்காமல் கேட்டேன். "நான் செஞ்ச பிழை. ஒங்கட மகன்ல ஒரு பிழையும் இல்ல. நான் கத்தினத்தக் கேட்ட சனங்கள்ற முன்னால வேணுமெண்டாலும் சொல்றன்."

"தேவல்ல" என்றா சல்மா உம்மா. "அதுகள் இப்பயும் வேலிக்கு அங்காலதான் நிக்கிதுகள். கேட்டிருக்கும்."

தேத்தண்ணி தந்தா. சீனி இல்லை. மறந்தாவா, வேண்டுமென்று விட்டாவா? குடித்துவிட்டேன்.

ஜூலை 19

சல்மா உம்மாவும் ஓமென்றா. நிக்காஹ் முடிந்து மூன்றாம் நாள். பர்ஸான் ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். வீடு நிறைந்து கிடக்கிறது. இன்ஷிரா சிரிக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. இன்றைக்குக் காலையில் கௌபி அவித்தேன். வேண்டுமென்றுதான். மற்ற எல்லாவற்றையும் கணினியில் பார்த்துச் சரிபிடித்தேன். இது ஒன்றைத்தான் பார்க்கவில்லை. அந்த ஹாஜியார் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறார். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? நல்லாய் அவித்து, நிறையத் தேங்காய்ப்பூ போட்டு, பர்ஸானின் முன்னால் வைத்தேன்.

அவன் மணத்தை இழுத்தான். கண்ணை மூடினான். பிறகு கோப்பையை மெல்ல இன்ஷிராவின் பக்கம் தள்ளிவிட்டு ரொட்டியை எடுத்தான்.

"ஹறாமா மகன்?" என்று கேட்டேன்.

"ஹறாமில்ல மாமி. ஹாஜியாருக்குக் குடுத்த சொல்லு."

நான் குசினிக்குள் வந்து சும்மா பானையைக் கழுவிக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்காத இடத்தில் கௌபிக்கே சொல் தவறாதவன் என் பிள்ளைக்குத் தவறுவானா? தெரியாது. அல்லாஹ்தான் அறிவான். ஆனால் இன்றைக்கு எனக்கு நித்திரை வரும்.

ஆகஸ்ட் 10

போய்விட்டார்கள். மகளுக்கென்று கட்டின வீடு. அதைப் பறிக்க யாராவது வருவான் என்று படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவனும் வீட்டைக் கேட்கவில்லை. பிள்ளையைத்தான் கூட்டிப் போனான்.

அவளுடைய அறையைப் பூட்டவில்லை. சரீபாவை அதற்குள் வந்து இருக்கச் சொன்னேன். ஜன்னல் கடற்கரைப் பக்கம். காற்று வரும்.

செப்டெம்பர் 3

சரீபா இரவில் குறட்டை விடுகிறாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 12

இன்ஷிரா கசுபிக்குப் போய் வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி, காலை மடித்துப் பாயில் இருந்தாளாம். வயசான ஒரு பொம்புளை கபுறுக்கு முன்னால் காவலுக்கு இருந்தாவாம். "அவ எல்லாரையும் ஏற இறங்கப் பாத்தா உம்மா. ஒங்கட ஞாபகம் வந்த" என்கிறாள். நல்ல மரியாதை.

ஹாஜியார் வீட்டுப் படம் ஒன்றும் வந்திருக்கிறது. என் மகள் முட்டுக்காலில் இருந்து ஹாஜியாரின் மனைவிக்கு சலாம் சொல்கிறாள். அந்தத் தோள் கூரான உடுப்பு. பக்கத்தில் ஹாஜியாரின் மகள் நின்று சிரிக்கிறாள். நல்ல முகம். பர்ஸானை விட நிறம் குறைவு, ஆனால் சிரிப்பு அவனுடையது மாதிரியே. அப்படித் தெரிவது எனக்கு மட்டும்தானா?

படத்தைப் பெரிதாக்கினேன். குணம் தேவையில்லை, இப்போது நானே பழகிவிட்டேன். ஹாஜியாரின் மகள் இடுப்புப் பட்டியை இடுப்பில் கட்டியிருக்கிறாள். இன்ஷிரா அதை மேலே ஏற்றித் தளர்த்திக் கட்டியிருக்கிறாள். தையல்காரிக்கு இது தெரியாதா?

ஏதாவது சுற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, வெயில் எப்படி என்று. பிறகு ராசா நேராகப் போகிற அந்தப் படலை ஞாபகம் வந்தது. நேராகக் கேட்டேன்.

"புள்ள, முழுகாம இரிக்கியா?"

"ஓம் உம்மா" என்றாள்.

டிசம்பர் 8

மழை. றஊப் வயலுக்குப் போக முடியாமல் விறாந்தையில் இருந்து மழையைத் திட்டுகிறார்.

முதல் பிள்ளைப் பேறு உம்மாவின் வீட்டில்தான். இதில் இன்ஷிராவும் மறுபேச்சுப் பேசவில்லை. வருகிற வாரம் வருகிறாள். பர்ஸான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய், பிறகு வருவானாம். பிள்ளைக்கு என்ன குடி என்று நேற்று சல்மா உம்மா போனில் கேட்டா. இங்கே தாய் வழியில் ராசாம்பிள்ளைக் குடி, அங்கே வாப்பா வழியில் கௌபிக் குடி என்றேன். "ரெண்டு ஊருலயும் கலியாணம் பேசக்க கவனமா இரிக்கணும்" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். அவ சிரித்தது உண்மையாகத்தான் என்று நினைக்கிறேன்.

குசினி அலுமாரியைத் துப்புரவாக்கினேன். கௌபிப் போத்தலை எடுத்துச் சரீபாவின் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். நாளைக் காலைக்குக் கடலை நனைய வைத்தாயிற்று.

சரீபா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கௌபிதானே ராத்தா, ஏன் குடுக்கிறீங்க?"

"எங்கட வீட்டுல ஆகாது" என்றேன்.